யாரும் சாகாத கதை

2021 மே மாதம். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து நான்கு நாள் ஆகியிருந்தது. உள்ளே யாரையும் விடமாட்டார்கள். காலையில் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை போன் வரும். ஆக்ஸிஜன் அளவு சொல்வார்கள். 91. 89. 92. மீதி நேரமெல்லாம் அடுத்த எண்ணுக்காகக் காத்திருப்பதுதான் வேலை. பகலில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, டீம் மீட்டிங்கில் என் முறை வரும்போது "நோ பிளாக்கர்ஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

தூக்கம் வராத ராத்திரிகளுக்காக நான் எடுத்து வைத்திருந்த புத்தகம் 'கரமாஸவ் சகோதரர்கள்'. பெரிய கஷ்டம் வரும்போது பெரிய புத்தகம் கைகொடுக்கும் என்று எங்கேயோ படித்து நம்பியிருந்தேன். நாற்பதாம் பக்கத்தைத் தாண்டவில்லை. ஒரே ஆளுக்கு மூன்று பெயர். ஒவ்வொரு முறையும் இவர் யார் என்று பின்னால் புரட்ட வேண்டியிருந்தது. அதுவுமில்லாமல், அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அப்பன் கொலையாகும் கதையை எடுத்து வைத்த என் புத்தியை என்னவென்று சொல்ல?

ஹாலில் அம்மா தரையில் உட்கார்ந்து ஒரு ரமணிசந்திரன் நாவலைப் படித்துக்கொண்டிருந்தார். முதுகு கிழிந்து, டேப் ஒட்டிய பழைய புத்தகம். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. காலேஜ் இரண்டாம் வருஷத்தில், நான் புதிதாக 'சீரியஸ் வாசகன்' ஆகியிருந்த காலத்தில், இதே மாதிரி ஒரு புத்தகத்தைக் காட்டி, "இதெல்லாம் ஒரு புக்காம்மா?" என்று கேட்டிருக்கிறேன். அன்று அவர் பதில் சொல்லவில்லை. பதினைந்து வருஷம் கழித்து அதே கேள்வியை வேறு மாதிரி கேட்டேன்.

"எப்படிம்மா உன்னால இப்ப படிக்க முடியுது?"

அம்மா நிமிர்ந்து பார்க்காமலேயே சொன்னார்: "இதுல யாரும் சாக மாட்டாங்கடா."

அந்தப் பதிலைத் தூக்கிக்கொண்டு இரண்டு மூன்று வருஷம் நடந்திருக்கிறேன். கஷ்ட காலத்தில் மனிதர்கள் என்ன படித்தார்கள் என்று தேடத் தொடங்கியது அங்கிருந்துதான். தேடலை எங்கள் ஊரிலிருந்தே ஆரம்பித்தேன். பாண்டிக்காரனுக்கு அது ஒரு வசதி. இந்த ஊரில் கஷ்ட காலத்துக்கும் பஞ்சமில்லை, புத்தகத்துக்கும் பஞ்சமில்லை. 1827-இல் பிரெஞ்சு அரசு தொடங்கிய பொது நூலகம், இன்று ரோமன் ரோலண்ட் நூலகம் என்ற பெயரில், இன்னும் இயங்கிக்கொண்டிருக்கிறது.

2

பாண்டிச்சேரியில் துன்பத்தையும் வாசிப்பையும் சேர்த்துப் பேசினால் முதலில் வருவது எளிய புத்தகம் அல்ல. நேர் எதிரான கதை ஒன்று வரும்.

1908-இல் பாரதி இங்கே வந்தார். 1910 ஏப்ரலில் அரவிந்தர் வந்தார். அதே ஆண்டு வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார். பிரிட்டிஷ் போலீஸ் எல்லைக்கு அந்தப் பக்கம் காத்திருந்தது. உளவாளிகள் இந்தப் பக்கமே வாடகைக்கு வீடு பிடித்துத் தங்கினார்கள். கடிதங்கள் பிரிக்கப்பட்டன. 'இந்தியா' பத்திரிகை பிரிட்டிஷ் எல்லைக்குள் போக முடியாமல் 1910-இல் நின்றுபோனது. காசில்லை. பாரதி குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் விளக்கெண்ணெய்ச் செட்டியார் வாடகை கேட்டு நெருக்காத நல்ல மனிதர் என்பது இன்றும் ஊரில் சொல்லப்படும் கதை.

1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியது. செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு எம்டன் கப்பல் சென்னையைக் குண்டு வீசித் தாக்கியது. பாண்டிச்சேரி அகதிகள் மீது சந்தேகம் இன்னும் இறுகியது. இவர்களை ஆப்பிரிக்காவுக்கு நாடு கடத்தும்படி பிரெஞ்சு அரசுக்கு நெருக்குதல் வந்தது. எந்த நாளும் கப்பலேற்றப்படலாம் என்ற அந்த மாதங்களில் ஐயர் என்ன செய்தார்? திருக்குறளின் 1330 பாக்களையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1916-இல் அது புத்தகமாக வந்தது.

நான் 'கரமாஸவ்' எடுத்ததற்குப் பின்னால் இருந்தது இந்த மாதிரிக் கதைகள்தான். நெருக்கடி வந்தால் பெரிய மனிதர்கள் பெரிய புத்தகத்தைத் திறக்கிறார்கள், நாமும் திறக்க வேண்டும். முடியாவிட்டால் குறை நம்மிடம்.

ஆனால் இந்தக் கதையைத் திரும்பப் படித்தபோது ஒன்று உறைத்தது. குறள் நமக்குக் கனமான புத்தகமாக இருக்கலாம். ஐயருக்கு அது புதுப் புத்தகமா? எத்தனையோ முறை போய்வந்த தெரு அது. அலிப்பூர் சிறையில் அரவிந்தர் வீட்டிலிருந்து வரவழைத்துக்கொண்டது கீதையும் உபநிடதங்களும். அவையும் அவர் ஏற்கெனவே அறிந்தவை. நெருக்கடியில் இவர்கள் இருவரும் தெரியாத புத்தகத்திடம் போகவில்லை. தெரிந்த புத்தகத்திடம் திரும்பிப் போனார்கள்.

பாரதி இன்னும் சுவாரஸ்யம். தலைக்கு மேல் வாரண்ட் தொங்கிக்கொண்டிருந்த இந்த ஊரில் உட்கார்ந்து அவர் எழுதியவற்றில் ஒன்று 'சின்னச் சங்கரன் கதை'. ஒரு குட்டி ஜமீன், அதன் சோம்பேறி ஜமீன்தார், அவரைச் சுற்றி ஜால்ரா போடும் புலவர் கூட்டம், நடுவில் ஒரு சிறுவன். எட்டயபுரத்தை நினைவில் வைத்து எழுதிய சுத்தமான கிண்டல். கையெழுத்துப் பிரதி காணாமல் போய்விட்டது; இன்று நம்மிடம் இருப்பது ஒரு பகுதிதான். 'பாஞ்சாலி சபதம்' எழுதிய அதே ஊரில், அதே கை, சின்ன வயசு அரண்மனைக்குத் திரும்பிப் போய்ச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

3

சரி, இவர்கள் மேதைகள். அம்மா மாதிரி, அம்மாவின் அப்பா மாதிரி ஆட்கள்?

அம்மாவின் அப்பா ரோடியர் மில்லில் வேலை செய்தவர். ஏ.எஃப்.டி. என்று பெயர் மாறிய பிறகும் ஊர் வாயில் அது ரோடியர் மில்தான். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன தாத்தாவிடம் ஐந்தாறு புத்தகங்கள் இருந்தன. எல்லாமே 'பெரிய எழுத்து'. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, பெரிய எழுத்து மதன காமராஜன் கதை, தேசிங்குராஜன் கதை, நல்லதங்காள் கதை.

இந்தப் பெயரே ஒரு வரலாறு. சென்னையின் குஜிலிக் கடைத்தெருவிலும் பிற அச்சுக்கூடங்களிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இவை மலிவுக் காகிதத்தில் அச்சாகின. திருவிழாவிலும் சந்தையிலும் கடை விரித்து விற்றார்கள். இலக்கிய வரலாற்றுப் புத்தகங்கள் நெடுங்காலம் இவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' எழுதிய பிறகுதான் என் போன்றவர்கள் இவற்றைத் திரும்பிப் பார்த்தோம்.

எழுத்து ஏன் பெரிதாக இருக்க வேண்டும்? சிம்னி விளக்கு வெளிச்சத்தில் படிக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கு வரி தவறக்கூடாது. நாள் முழுக்க உழைத்து எரியும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். களைத்த மனிதனை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்ட புத்தகம். நாங்கள் இன்று ஆப்பில் எழுத்தின் அளவை மாற்ற ஒரு பட்டன் வைத்துவிட்டு 'அக்ஸஸிபிலிட்டி' என்று பெருமைப்பட்டுக்கொள்கிறோம். அந்தப் பதிப்பாளர்கள் அதைப் புத்தகத்தின் பெயரிலேயே வைத்துவிட்டார்கள்.

இங்கேதான் அம்மாவின் பதிலில் ஒரு சிக்கல் வந்தது. 'யாரும் சாக மாட்டாங்க' என்பதுதான் எளிய புத்தகத்தின் இலக்கணம் என்றால், நல்லதங்காளை எங்கே வைப்பது? பஞ்சம் வந்து, ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். அண்ணி மூளி அலங்காரி பட்டினி போடுகிறாள். ஏழு பிள்ளைகளையும் ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள். தேசிங்கு கதையும் அப்படித்தான். பாண்டியிலிருந்து எழுபது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் செஞ்சியின் இளம் ராஜா 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதிச் செத்துப்போகிறான், நண்பன் சாகிறான், மனைவி தீயில் இறங்குகிறாள். பஞ்சம் பார்த்த சனம் பஞ்சக் கதையைக் காசு கொடுத்து வாங்கியது. தாத்தா சத்தம் போட்டுப் படிக்க, தெருவே கேட்டு அழுததாக அம்மா சொல்வார்.

இது 'லைட் ரீடிங்' ஆகுமா? சோகமாக இருப்பது வேறு, கடினமாக இருப்பது வேறு என்று எனக்குப் புரிந்தது இந்த இடத்தில்தான். நல்லதங்காள் கதையில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எந்த இடத்தில் அழ வேண்டும் என்றும் தெரியும். புதிதாக யாரையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், ரேம் முழுக்கக் கவலை ஓடிக்கொண்டிருக்கும்போது புது புரோகிராம் ஒன்றைத் திறந்தால் மெஷின் தொங்கிவிடும். ஏற்கெனவே மெமரியில் இருக்கும் ஒன்று மட்டும் ஓடும்.

அந்த மே மாதம் 17-ஆம் தேதி இரவு, எங்கள் ஊரின் லாஸ்பேட்டையில், கி. ராஜநாராயணன் காலமானார். கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவலிலிருந்து வந்து பாண்டியில் முப்பது வருஷம் வாழ்ந்தவர். நாட்டுப்புறக் கதைகளைத் தேடித்தேடிச் சேகரித்தவர். ஒரு கதைசொல்லியிடம் ஊர்க்காரர்கள் கேட்பது புதுக்கதை மட்டுமல்ல, 'அந்தக் கதையைச் சொல்லு' என்பதும்தான். குழந்தையும் அப்படித்தான் கேட்கும். ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால்கூடச் சண்டைக்கு வரும். தெரிந்ததைத் திரும்பக் கேட்பது படிப்பில் குறைந்தவர்களின் பழக்கம் என்று நினைத்த காலத்தில் இதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை.

4

தமிழின் முதல் நாவல் எந்த நேரத்தில் வந்தது என்று பார்த்தால் ஆச்சரியம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தின்ற தாது வருஷப் பஞ்சம். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்து ஓய்வுபெற்ற வேதநாயகம் பிள்ளை அப்போது தன் சொத்தைச் செலவழித்துப் பசித்தவர்களுக்குச் சோறு போட்டார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து பாடியதே அதற்காகத்தான். அந்த மனிதர் 1879-இல் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திரம்' பஞ்சத்தின் துயரக் காவியம் அல்ல. குட்டிக்கதை, வேடிக்கை, நீதி, சாகசம் என்று ஓடும் கலகலப்பான புத்தகம். பிணங்களைப் பார்த்தவர் தன் வாசகருக்குச் சிரிப்பைக் கொடுத்திருக்கிறார்.

அதன்பின் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாவல் வெள்ளமாக வந்தது. ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன், ஆரணி குப்புசாமி முதலியாரின் தழுவல்கள், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார், 115 நாவல்கள் எழுதி 'ஜகன்மோகினி' நடத்திய வை. மு. கோதைநாயகி. கூடவே எதிர்ப்பும் வந்தது. நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள், வீட்டு வேலை நிற்கும், புத்தி மழுங்கும் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். 'நாவலும் வாசிப்பும்' நூலில் வேங்கடாசலபதி இந்தச் சண்டைகளை விரிவாகப் பதிவு செய்கிறார். நான் அம்மாவிடம் கேட்ட கேள்விக்கு அப்போதே எழுபது எண்பது வயசாகியிருந்தது என்பது அதைப் படித்தபோதுதான் தெரிந்தது.

உலகத்தின் வேறு மூலைகளிலும் இதே கதைதான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா தன் சிப்பாய்களுக்காகச் சீருடைப் பையில் நுழையும் அளவில் புத்தகங்கள் அச்சிட்டது. 1943 முதல் 1947 வரை 1322 தலைப்புகள், சுமார் 12 கோடிப் பிரதிகள். செவ்வியல் நூல்களும் இருந்தன, கௌபாய்க் கதைகளும் துப்பறியும் கதைகளும் இருந்தன. சிப்பாய்கள் கொண்டாடியவற்றில் ஒன்று 'எ ட்ரீ குரோஸ் இன் புரூக்ளின்'. ஏழைக் குடும்பத்தில் ஒரு சிறுமி வளரும் கதை. பதுங்கு குழியில் இருந்தவனுக்கு வேண்டியிருந்தது இன்னொரு போர் அல்ல, ஒரு வீடு.

இங்கே 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கியபோது சென்னையே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. அந்தக் காலத்தில்தான் கல்கி தன் புதுப் பத்திரிகையில் 'பார்த்திபன் கனவு' எழுதிக்கொண்டிருந்தார். தமிழன் தன் பயத்தை ஒருவாரம் தள்ளிப்போட ஒரு 'தொடரும்' போதுமாக இருந்திருக்கிறது.

5

இந்த இடத்தில் எதிர்த்தரப்பையும் கேட்டுவிட வேண்டும். க.நா.சு. வாழ்நாள் முழுக்கச் சொன்னது இதுதான்: பெரும் பத்திரிகைகளின் எளிய எழுத்து, வாசகனின் ருசியையே அந்த அளவில் நிறுத்திவிடுகிறது. அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. 1933-இல் தொடங்கிய 'மணிக்கொடி' காசில்லாமல் தள்ளாடியது. புதுமைப்பித்தன் வறுமையில் செத்தார். எளிய புத்தகத்தின் சந்தை இன்னொரு வகைப் புத்தகத்துக்கு இடமில்லாமல் செய்தது நிஜம். நானும் அந்தப் பள்ளியில் படித்து வந்தவன்தான். இன்றும் புதுமைப்பித்தன் இல்லாமல் எனக்கு வாசிப்பு இல்லை.

ஆனால் 'வாழ்க்கை கஷ்டமாக இருக்கும்போது எளிதானதைப் படி, மற்ற நேரத்தில் நல்லதைப் படி' என்ற சமரசம் எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது. மற்ற நேரம் என்பது எல்லோருக்கும் இருக்கிறதா?

1936 ஜூலை 30. பாண்டிச்சேரி சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் படை சுட்டது. 12 பேர் செத்தார்கள். வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்துக்குப் பிறகு, 1937-இல், பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆசியாவிலேயே முதல் முறை என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அதற்கு முன்னால் விடிவதற்குள் மில்லுக்குள் போய், இருட்டிய பிறகு வெளியே வருவதுதான் வாழ்க்கை. நான் பள்ளியில் இதைத் தேதியும் எண்ணுமாக மனப்பாடம் செய்திருக்கிறேன். அந்த எட்டு மணி நேரத்துக்கு வெளியே மிச்சம் கிடைத்த பொழுதில்தான் தாத்தா விளக்கைப் பக்கத்தில் இழுத்துவைத்து விக்கிரமாதித்தனைத் திறந்தார் என்று எந்தப் பாடமும் சொல்லவில்லை. அந்தச் சாயங்காலத்துக்கு ரத்தம் விலையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதில் அவர் என்ன படிக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மாவுக்கும் கஷ்டம் என்பது 2021 மே மாதம் வந்து போன விருந்தாளி இல்லை. காலையில் நான்கரைக்கு எழுந்து, இரண்டு டிபன் கட்டி, டெய்லரிங் யூனிட்டுக்குப் போய், வந்து ராத்திரிச் சமையல் முடித்த பின் கிடைக்கும் முக்கால் மணி நேரம்தான் அவருடைய 'மற்ற நேரம்'. 1969-இல் 'ராணி முத்து' தொடங்கியபோதும், பிறகு 'மாலைமதி'யும் ராஜேஷ்குமாரின் கிரைம் நாவல்களும் பஸ் ஸ்டாண்ட் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கியபோதும், அந்தப் பதிப்பாளர்களுக்கு இந்த முக்கால் மணி நேரம் நன்றாகத் தெரிந்திருந்தது. ஒரே இரவில் முடிந்துவிடும் நீளம். டீக்காசில் வாங்கும் விலை. அடுத்த மாதமும் அதே விவேக், அதே ரூபலா; அதே பரத், அதே சுசீலா; அதே கணேஷ், அதே வசந்த். ஆள் யார் என்று பின்னால் புரட்ட வேண்டாம். திரும்பவும் அதே விஷயம்தான்: கதை புதிது, வீடு பழையது.

வாங்கவும் முடியாதவர்களுக்கு லெண்டிங் லைப்ரரி இருந்தது. எங்கள் தெருமுனையில் ஒன்று. பத்துக்குப் பன்னிரண்டு அறை, மர ஷெல்ஃப், நோட்டுப் புத்தகத்தில் கணக்கு. சின்ன வயசில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். அவர் ஒரு புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தைப் பார்க்காமல், கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். முடிவைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

6

பன்னிரண்டாம் நாள் அப்பா வீட்டுக்கு வந்தார். பத்து கிலோ இளைத்து, ஆட்டோவிலிருந்து இறங்கத் தெம்பில்லாமல். அதே வாரம் பெரியப்பா போய்விட்டார். அந்த மாதம் எந்த வீட்டிலும் ஒரு பக்கக் கதை மட்டும் நடக்கவில்லை.

'கரமாஸவ் சகோதரர்க'ளை 2023-இல் முடித்தேன். இரண்டு மாதம் ஆனது. அது தரும் அனுபவத்துக்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல முடியாது. ஆனால் அன்று அது என்னிடம் கேட்டதைக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. அவ்வளவுதான் விஷயம். அதில் புத்தகத்தின் தப்பும் இல்லை, என் தப்பும் இல்லை.

போன வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஷெல்ஃபைக் காலி பண்ணும்போது அந்த ரமணிசந்திரன் நாவல் கையில் கிடைத்தது. லெண்டிங் லைப்ரரியை மூடும்போது எடைக்குப் போட இருந்ததில் அம்மா காசு கொடுத்து வாங்கிக்கொண்ட நாலைந்தில் ஒன்று. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். பென்சிலிலும் பேனாவிலும் சின்னச் சின்ன அடையாளங்கள். ஒரு 'ஜ', ஒரு நட்சத்திரம், ஒரு முக்கோணம், யாருடைய இனிஷியலோ. இந்தப் புத்தகத்தை ஏற்கெனவே படித்துவிட்டோமா என்று தெரிந்துகொள்ள மெம்பர்கள் ஆளுக்கொரு குறி போட்டு வைப்பார்களாம்.

"இதுல உன்னோடது எதும்மா?"

காட்டினார். ஒரு சின்ன வட்டம், நடுவில் புள்ளி. ஒன்றல்ல, ஆறு.

"ஏற்கெனவே படிச்சதுன்னு தெரிஞ்சா வேற எடுக்கத்தானே குறி போடுவாங்க?"

"எல்லாரும் அதுக்குத்தான் போடுவாங்க," என்றார் அம்மா. "நான் குறி இருக்கான்னு பாத்துட்டு, இருந்தா எடுத்துட்டு வருவேன்."

ஆறாவது வட்டம் மற்றவற்றைவிடப் புதிதாக, நீல மையில் இருந்தது. கொஞ்சம் கோணலாக, ஓரிடத்தில் காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தி. எப்போது போட்டது என்று நான் கேட்கவில்லை. அம்மா புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, புடவைத் தலைப்பால் தூசி தட்டி, மேல் தட்டில் தனியாக வைத்தார்.